அசைவும் ஆபத்தும் ஒன்றல்ல: ‘அறிவார்ந்த’ கண்காணிப்புக் கேமரா எப்படி வேலை செய்கிறது?

கண்காணிப்புக் கேமராவைப் பற்றி இரண்டு வகைப் பேச்சு ஒரே நேரத்தில் காதில் விழுகிறது. திருடன் சுவரேறும்போதே கண்டுபிடித்துச் சொல்லிவிடும் செயற்கை நுண்ணறிவுக் கேமரா என்று விளம்பரம் சொல்கிறது. அதே கேமராவை வாங்கி மாட்டியவரின் கைப்பேசியோ, செடி ஆடினாலும் பூனை குறுக்கே போனாலும் இரவு முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே கருவியைப் பற்றியவைதானா என்று குழம்புவது இயல்பு.

மூன்று வெவ்வேறு வேலைகளை ஒரே பெயரால் அழைப்பதுதான் இந்தக் குழப்பத்தின் வேர். அவற்றை முதலில் பிரித்துக்கொள்வோம்.

1. படத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்று கண்டறிவது.
2. மாறியது மனிதனா, வாகனமா, விலங்கா என்று சொல்வது.
3. அந்த மனிதர் செய்வது தவறான காரியமா என்று தீர்மானிப்பது.

முதல் வேலையை எந்த மலிவான கேமராவும் செய்யும். இரண்டாவது வேலை, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வியக்கும் அளவுக்கு முன்னேறியிருக்கிறது. மூன்றாவது இன்னும் தீராத சிக்கல். முதல் வேலையை மட்டும் செய்யும் கருவியை, மூன்றையும் செய்யும் கருவியாக நம்பி மாட்டிக்கொள்ளும்போதுதான் ஏமாற்றம் வருகிறது. சில நேரங்களில் அதைவிட மோசமான விளைவுகளும் வருகின்றன.

மனிதக் கண் ஏன் போதவில்லை?

மூடிய சுற்றுத் தொலைக்காட்சி, அதாவது சிசிடிவி, தொடக்கத்தில் திருடர்களுக்காக உருவானதல்ல. 1942-இல் ஜெர்மனியின் பீனமுண்டேயில், வி-2 ராக்கெட் ஏவப்படுவதைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்க்க வால்டர் புரூக் என்ற பொறியாளர் அமைத்த ஏற்பாட்டையே அதன் முன்னோடியாகக் குறிப்பிடுவார்கள். அங்கே பார்க்க வேண்டியது ஒரே ஒரு நிகழ்வு. எப்போது நடக்கும் என்பதும் முன்பே தெரியும். காவல் பணியில் நிலைமை நேரெதிர். என்ன நடக்கும் என்று தெரியாது, எப்போது நடக்கும் என்றும் தெரியாது. பெரும்பாலான நாட்களில் எதுவுமே நடக்காது.

எதுவும் நடக்காத ஒன்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது மனித மூளைக்கு மிகக் கடினமான வேலை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அறிகுறிகளைத் தவறவிட்டதை ஆராய்ந்த நார்மன் மெக்வொர்த், ஒரு கடிகாரச் சோதனையை வடிவமைத்து 1948-இல் முடிவுகளை வெளியிட்டார். முள் சீராகத் தாவித் தாவி நகரும். எப்போதாவது ஒரு முறை இரட்டைத் தாவலாகத் தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். முதல் அரை மணி நேரத்திலேயே பலரின் கவனம் சரியத் தொடங்கியது. இது சோம்பலால் வந்த குறையல்ல, மூளையின் இயல்பு.

பதினாறு கட்டங்கள் கொண்ட திரைக்கு முன் எட்டு மணி நேரம் ஒரு காவலாளியை உட்காரவைத்துவிட்டு, ‘ஏன் பார்க்கவில்லை?’ என்று கேட்பது நியாயமே அல்ல. களைப்பில்லாத ஒரு கண் தேவைப்பட்டது. தானியங்கி அசைவறிதல் அந்தத் தேவையிலிருந்து வளர்ந்தது.

கேமராவுக்குத் தெரிவது எண்கள் மட்டுமே

முழு எச்டி கேமரா ஒன்றின் ஒரு படத்தில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிக்சல். கறுப்பு வெள்ளையில் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பிக்சலும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. காணொளி என்பது நொடிக்கு 25 முறை இப்படி எழுதப்படும் எண் அட்டவணை. அந்த ஒவ்வொரு அட்டவணைக்கும் ஃபிரேம் என்று பெயர். நொடிக்கு ஐந்து கோடிக்கும் மேற்பட்ட எண்கள் வந்து விழுகின்றன. அவற்றில் எங்கும் ‘மனிதன்’ என்றோ ‘கதவு’ என்றோ எழுதப்பட்டிருப்பதில்லை.

ஒரு சாம்பல் நிறச் சுவரின் ஐந்து பிக்சல்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முந்தைய ஃபிரேம்: 52, 53, 51, 54, 52
இப்போதைய ஃபிரேம்: 53, 52, 118, 121, 54
வித்தியாசம்: 1, 1, 67, 67, 2

முதல் இரண்டிலும் கடைசியிலும் உள்ள 1, 1, 2 என்ற வித்தியாசங்களுக்குப் பொருள் எதுவுமில்லை. கேமராவின் சென்சாரில் எப்போதும் இருக்கும் சிறு இரைச்சல் அது. நடுவில் உள்ள 67 மட்டும் பேசுகிறது. இரைச்சலையும் உண்மை மாற்றத்தையும் பிரிக்க ஒரு கோடு போட வேண்டும். 25-க்கு மேல் போனால்தான் மாற்றம் என்று வைத்தால், இரண்டு பிக்சல்கள் மாறியதாகக் கணக்கு. அந்தக் கோட்டுக்கு வரம்பு என்று பெயர். இந்தக் கட்டுரை முழுவதும் அது திரும்பத் திரும்ப வரும்.

முதல் படி: பிக்சல் மாறியது

மேலே பார்த்த கழித்தல் கணக்குதான் எளிய அசைவறிதல். பெரும்பாலான கேமராக்களின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு அளவுகள் இருக்கும். பெயர் கருவிக்குக் கருவி மாறும், வேலை ஒன்றுதான்.

1. ஒரு பிக்சல் எவ்வளவு மாறினால் மாற்றமாகக் கொள்வது? பொதுவாக இது உணர்திறன் எனப்படுகிறது.
2. அப்படி மாறிய பிக்சல்கள் படத்தில் எத்தனை விழுக்காடு இருந்தால் எச்சரிக்கை எழுப்புவது?

இந்த இரண்டையும் எப்படித் திருகினாலும் தீராத குறைகள் இரண்டு உண்டு.

ஒன்று, வெளிச்சம். மேகம் சூரியனை மறைத்தால் சுவர் முழுவதும் 52-லிருந்து 20-க்கு இறங்கும். எல்லாப் பிக்சல்களும் வரம்பைத் தாண்டுகின்றன. கணக்குப்படி உலகமே நகர்ந்துவிட்டது! படத்தின் பெரும்பகுதி ஒரே நொடியில் மாறினால் அதை வெளிச்ச மாற்றமாகக் கருதி ஒதுக்கும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. ஆனால் வாகனத்தின் முகப்பு விளக்கு சுவரில் ஒரு பட்டையாக ஊர்ந்து போகும்போது அந்த வசதியும் கைகொடுப்பதில்லை.

இரண்டாவது, இதற்கு நேர்மாறானது. அந்தி வெளிச்சத்தில் அதே சாம்பல் சுவரின் முன்னால் சாம்பல் சட்டை அணிந்த ஒருவர் நடக்கிறார். சுவர் 52, சட்டை 58. வித்தியாசம் 6, வரம்போ 25. அங்கே ஆள் நடமாடியதற்கான தடயமே கணக்கில் இல்லை. உணர்திறனைக் கூட்டி அவரைப் பிடிக்கப் போனால், இரைச்சலும் இலையசைவும் சேர்ந்து உள்ளே வந்துவிடும்.

இரவுநேரச் சிக்கல் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஏனெனில் மக்களின் பொறுமையை அதிகம் சோதிப்பது இதுதான். இருட்டில் பார்ப்பதற்காக லென்ஸைச் சுற்றிச் சிறு அகச்சிவப்பு விளக்குகள் இருக்கும். பெரும்பாலும் 850 நானோமீட்டர் அலைநீளம், கண்ணுக்கு மங்கிய சிவப்பாகத் தெரியும். அந்த ஒளியும் வெதுவெதுப்பும் பூச்சிகளை இழுக்கின்றன, பூச்சிகளைத் தேடிச் சிலந்தி வருகிறது. லென்ஸுக்குப் பத்து சென்டிமீட்டர் முன்னால் ஓர் இழையைக் கட்டுகிறது. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் மனிதரைவிட அந்த இழை நூறு மடங்கு அருகில் இருப்பதால், அதன்மேல் விழும் ஒளி ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு அதிகம். கண்ணுக்குத் தெரியாத நூல், படத்தில் தடித்த வெள்ளைக் கயிறாக எரிகிறது. காற்றடிக்கும்போதெல்லாம் திரையின் குறுக்கே வீசி ஆடுகிறது, கைப்பேசி ஒலிக்கிறது. தூறலும் பனிமூட்டமும் செய்வதும் இதையேதான். இதற்கு மென்பொருளில் தீர்வு தேடுவதைவிட, அகச்சிவப்பு விளக்கைக் கேமராவிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளித் தனியே மாட்டுவது பல மடங்கு பலன் தரும்.

பின்னணியைக் கற்றுக்கொள்ளும் முறை

முந்தைய ஃபிரேமோடு மட்டும் ஒப்பிடாமல், ‘இந்த இடம் வழக்கமாக எப்படி இருக்கும்?’ என்ற ஒரு மாதிரியோடு ஒப்பிட்டால் என்ன? இந்த யோசனைக்குப் பின்னணி நீக்கம் என்று பெயர். இதில் பெரிதும் பயன்பட்ட ஒரு வழியை, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் ஸ்டாஃபரும் எரிக் கிரிம்சனும் 1999-இல் முன்வைத்தார்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரே ஒரு வழக்கமான மதிப்பை வைத்துக்கொள்ளாமல், சில மதிப்புகளை வைத்துக்கொள்வது அதன் சாரம். கிளை ஆடும் இடத்தில் ஒரு பிக்சல் சில நேரம் இலையாகவும் சில நேரம் வானமாகவும் இருக்கும். இரண்டையும் வழக்கம் என்று ஏற்றுக்கொண்டால், கிளை ஆடுவது செய்தியாகாது. அழகான தீர்வு.

ஆனால் எவ்வளவு வேகமாகக் கற்க வேண்டும் என்ற கேள்வி உடனே எழுகிறது. வேகமாகக் கற்றால், யாரோ வைத்துவிட்டுப் போன பை சில நிமிடங்களில் பின்னணியோடு கரைந்துவிடும். மெதுவாகக் கற்றால், நாள் முழுவதும் நின்ற வாகனம் கிளம்பிய பிறகும் அது நின்ற வெற்றிடத்தையே ஒரு பொருளாகக் காட்டிக்கொண்டிருக்கும். இந்தத் துறையில் அதைப் பேய் உருவம் என்றே அழைக்கிறார்கள். எல்லா இடத்துக்கும் பொருந்தும் வேகம் என்று ஒன்று கிடையாது.

பிஐஆர் சென்சார் வேறு, கேமரா வேறு

பேட்டரியில் ஓடும் கேமராக்கள் எப்போதும் விழித்திருந்தால் மின்சாரம் தீர்ந்துவிடும். ஆகவே பிஐஆர் என்ற தனி வெப்ப உணரியைக் காவலுக்கு வைத்துவிட்டு அவை உறங்குகின்றன. மனித உடல் 9 முதல் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி அதிகமாக வெப்பக் கதிர்களை வெளியிடுகிறது. பிஐஆர் உணரி, அந்தக் கதிர் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் தாவுவதைக் கவனிக்கிறது. மக்கள் அடிக்கடி கேட்கும் மூன்று கேள்விகளுக்கு விடை இதிலேயே இருக்கிறது.

1. பதிவில் ஆள் பாதி வழி வந்த பிறகுதான் காட்சி ஏன் தொடங்குகிறது? உணரி தட்டியெழுப்பிய பிறகே கேமரா விழிக்கிறது.
2. நேராகக் கேமராவை நோக்கி வருபவரை ஏன் தாமதமாகப் பிடிக்கிறது? குறுக்கே நடப்பவரே பகுதிகளைத் தாண்டுகிறார், நேராக வருபவர் ஒரே பகுதிக்குள் நெடுநேரம் இருக்கிறார்.
3. சன்னலுக்கு உள்ளே வைத்தால் ஏன் வேலை செய்வதில்லை? நீண்ட அலை வெப்பக் கதிரைக் கண்ணாடி ஊடுருவ விடாது.

சுற்றுப்புற வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் நாட்களில் இந்த உணரியின் திறன் குறையும். அதற்கும் காரணம் வெளிப்படை: சுற்றுப்புறத்துக்கும் உடலுக்கும் இடையே அது உணரக்கூடிய வேறுபாடே இல்லாமல் போகிறது.

இரண்டாம் படி: அது என்ன?

மாறிய பிக்சல்களின் கூட்டம் மனிதனா நாயா என்று சொல்வது நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது. 2001-இல் பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் காட்டிய முறை, முகம் இருக்கும் இடத்தை உடனுக்குடன் கண்டுபிடிக்க வழி திறந்தது. 2005-இல் நவ்நீத் தலாலும் பில் டிரிக்ஸும், விளிம்புகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்ற கணக்கை வைத்து நடந்து செல்பவர்களை அடையாளம் கண்டார்கள். பெரிய திருப்பம் 2012-இல் ஆழக் கற்றல் வழியாக வந்தது. இவ்வகை உருவத்துக்கு இன்ன அடையாளம் என்று மனிதர் எழுதித் தருவதை விட்டு, பெயரிடப்பட்ட லட்சக்கணக்கான படங்களிலிருந்து நரம்பு வலைப்பின்னல் என்ற வகைக் கணினி நிரல் தானே கற்றுக்கொண்டது. 2015-இல் ஜோசப் ரெட்மனும் அவருடைய சகாக்களும் முன்வைத்த யோலோ, படத்தை ஒரே பார்வையில் அலசி எல்லாப் பொருள்களையும் பெட்டியிட்டுக் காட்டியது. நேரடிக் காணொளிக்கு ஈடுகொடுக்கும் வேகம் அதனால் கைவந்தது.

இந்த நிரல்களின் விடை ‘மனிதன்’ என்ற ஒரு சொல்லாக வருவதில்லை. ‘மனிதன், 0.62’ என்று வரும். அந்த எண் நிரலின் உறுதி அளவு. 0.5-க்கு மேல் இருந்தால் ஏற்பது என்று வைத்தால் இவர் மனிதர். 0.7 என்று வைத்தால் இவர் இல்லவே இல்லை. நிரலின் கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான், முடிவு மட்டும் தலைகீழாகிறது. கோட்டை எங்கே போடுவது என்று இயந்திரம் முடிவு செய்வதில்லை, யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். அவர் யார், எந்தக் காரணத்தால் அந்த இடத்தில் போட்டார் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பதே என் கவலை.

பெட்டி கிடைத்த பிறகு, ஃபிரேமுக்கு ஃபிரேம் அதைத் தொடர்ந்து ஒரே எண்ணைக் கொடுப்பது பின்தொடர்தல். இதன் மேல்தான் பயனுள்ள விதிகள் எழுகின்றன: கோட்டைத் தாண்டுதல், தடைப் பகுதிக்குள் நுழைதல், ஒரே இடத்தில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் நிற்றல். பல அமைப்புகள் பெட்டியின் அடிப்பக்க நடுப்புள்ளியைக் காலாகக் கொள்ளும். முன்னால் ஒரு செடி காலை மறைத்தால், ஆள் உண்மையில் இருப்பதைவிடப் பின்னால் நிற்பதாகக் கணக்காகும். கோட்டைத் தாண்டிய பிறகும் தாண்டவில்லை என்றே பதிவாகும்.

எல்லாக் கேமராக்களும் எல்லாத் தொலைவிலும் முகத்தைக் காட்டும் என்பதும் தவறான நம்பிக்கை. கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 62676-4, 2014-இல் வெளியான வடிவில் இதை எண்ணாகவே தந்தது. காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்பதே அளவுகோல். யாரோ இருக்கிறார் என்று கண்டறிய 25, தெரிந்தவரா என்று அறிய 125, முன்பின் தெரியாதவரை ஐயமின்றி அடையாளம் காண 250. படத்தின் அகலம் 1920 பிக்சல் என்றால், ஆள் இருப்பதை அறிய 76 மீட்டர் அகலக் காட்சி வரை போகலாம். அடையாளம் காண வேண்டுமானால் காட்சியின் அகலம் ஏழரை மீட்டரைச் சற்றே தாண்டலாம், அதற்கு மேல் கூடாது. ஒரே கேமராவை வைத்து மைதானம் முழுவதையும் பார்க்கவும் வேண்டும், திருடனின் முகமும் தெரிய வேண்டும் என்று கேட்டால் கணக்கு இடம் கொடுக்காது.

மூன்றாம் படி: தவறு நடக்கிறதா?

பூட்டிய கதவின் முன் ஒருவர் குனிந்து, பூட்டை இரண்டு நிமிடம் இழுத்துப் பார்க்கிறார். அவர் திருடனாக இருக்கலாம். சாவி சிக்கிக்கொண்ட வீட்டுக்காரராகவும் இருக்கலாம். இரண்டு காட்சிகளிலும் பிக்சல்கள் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு படத்துக்கு வெளியே இருக்கிறது: அது யாருடைய வீடு, சாவி யாருடையது என்ற செய்தியில். லென்ஸை எவ்வளவு கூர்மையாக்கினாலும் அந்தச் செய்தி படத்துக்குள் வரப்போவதில்லை.

போதிய எடுத்துக்காட்டுகள் கிடைக்காததும் ஒரு தடை. இத்துறையில் அதிகம் பயன்படும் யுசிஎஃப்-கிரைம் என்ற ஆய்வுத் தொகுப்பு 2018-இல் வெளிவந்தது. அதில் 13 வகை அசாதாரண நிகழ்வுகளும் சாதாரணக் காட்சிகளும் சேர்ந்து 1,900 காணொளிகள், மொத்தம் 128 மணி நேரம். நாய்க்கும் பூனைக்கும் லட்சக்கணக்கில் படம் கிடைக்கிறது, கொள்ளைக்கு அப்படிக் கிடைப்பதில்லை. ஆகவே பல அமைப்புகள் குற்றத்தைக் கற்பதற்குப் பதிலாக வழக்கத்தைக் கற்கின்றன. வழக்கத்திலிருந்து விலகியது எல்லாம் அசாதாரணம் என்று கொடி காட்டுகின்றன. பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவரும் வழக்கத்திலிருந்து விலகியவர்தான். தடுமாறி மெல்ல நடக்கும் முதியவரும், சக்கர நாற்காலியில் வருபவரும், போக இடமில்லாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரும் அப்படியே. ‘அசாதாரணம்’ என்ற சொல்லை ‘சந்தேகத்துக்குரியது’ என்று மொழிபெயர்த்துவிடும் அமைப்பு, குற்றம் எதுவும் செய்யாத இவர்களைத்தான் முதலில் சுட்டும்.

அரசு அளவில் இது சோதிக்கப்பட்டதும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கை முன்னிட்டு, பிரான்ஸ் 2023 மே மாதம் இயற்றிய சட்டம், முகத்தை அடையாளம் காணாமல், குறிப்பிட்ட எட்டு வகை நிகழ்வுகளை மட்டும் தானாகக் கண்டறிய அனுமதித்தது. தடைப் பகுதிக்குள் நுழைவது, எதிர்த்திசையில் செல்வது போன்றவற்றை அமைப்பு ஓரளவு நன்றாகவே கண்டது. கைவிடப்பட்ட பொருளைக் கண்டறிவதில் தடுமாறியது. முதலிரண்டும் கோடும் திசையும் சார்ந்தவை, அதாவது இரண்டாம் படியின் வேலை. கைவிடப்பட்டதா என்பதோ உரிமையாளரின் எண்ணத்தைச் சார்ந்தது.

எச்சரிக்கைக் கணக்கு

‘99.5 விழுக்காடு துல்லியம்’ என்ற வாசகத்தைக் கண்டால் பலரும் அதற்கு மேல் கேட்பதில்லை. அங்கேதான் கேட்கத் தொடங்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

1. ஓரிடத்தில் 100 கேமராக்கள். ஒவ்வொன்றின் முன்னும் நாளுக்கு 1,000 பேர் கடக்கிறார்கள். மொத்தம் 1,00,000 கடத்தல்கள்.
2. உண்மையான குற்றச் சம்பவங்கள் நாளுக்கு 2 என்று வைப்போம். அமைப்பு இரண்டையும் பிடித்துவிடுகிறது என்றே தாராளமாகக் கொள்வோம்.
3. குற்றமற்றவர்களில் 99.5 விழுக்காட்டினரை அமைப்பு சரியாக விட்டுவிடுகிறது. மீதி 0.5 விழுக்காட்டில் பொய் எச்சரிக்கை எழுகிறது: நாளுக்கு 500.
4. ஆக மொத்தம் 502 எச்சரிக்கைகள், அவற்றில் உண்மையானவை 2. ஓர் எச்சரிக்கை ஒலித்தால் அது உண்மையாக இருக்க வாய்ப்பு 0.4 விழுக்காடு மட்டுமே.

மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும். 250 முறை ஓடிப் பார்த்தால் ஒரு முறை பொருள் இருக்கும். புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதை எல்லோருக்கும் தெரியும். காவலாளி முதல் வாரம் ஓடுவார், இரண்டாம் வாரம் திரையை மட்டும் பார்ப்பார், மூன்றாம் வாரம் ஒலியைக் குறைப்பார். களைப்பைப் போக்க வந்த இயந்திரம், மெக்வொர்த்தின் கடிகாரத்தை வேறு உருவில் அவர் முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுகிறது.

வரம்பை உயர்த்திப் பொய் எச்சரிக்கைகளை நாளுக்குப் பத்தாகக் குறைக்கலாம். ஆனால் அப்படி உயர்த்தும்போது உண்மைச் சம்பவங்களும் சில நழுவும். பொய் எச்சரிக்கையும் தவறவிடுதலும் ஒரே தராசின் இரு தட்டுகள். ஒரு தட்டை மட்டும் காட்டி விற்கப்படும் எந்த எண்ணுக்கும் பொருளில்லை.

அதே நிரலை, இரவில் யாருமே வரக்கூடாத வேலியோரம் ஒன்றில் பொருத்துவோம். அங்கே ஓர் இரவில் அசைவன அதிகம் போனால் இருபது: நாய், பறவை, காற்றில் பறக்கும் காகிதம். 0.5 விழுக்காடு என்றால் பத்து இரவுகளுக்கு ஒரு பொய் எச்சரிக்கை. மேலும், அங்கே ‘மனிதன்’ என்று கண்டாலே போதும், அவர் என்ன நினைத்து வந்தார் என்று ஊகிக்க வேண்டியதில்லை. மூன்றாம் படியின் கேள்வி இரண்டாம் படியிலேயே தீர்ந்துவிடுகிறது. இந்த வகை இடத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் தொடரின் பொருள் ‘வெறுமையாக இருக்க வேண்டிய பகுதி’. பிரிட்டனின் உள்துறை அமைச்சகம் இத்தகைய அமைப்புகளைச் சோதிக்க உருவாக்கிய ஐ-லிட்ஸ் காணொளித் தொகுப்பிலும் இது ஒரு தனிப் பிரிவு. வேலியில் அருமையாக வேலை செய்தது என்பதற்காக அதே அமைப்பைச் சந்தடி மிகுந்த தெருவில் பொருத்திவிட்டு அதே பலனை எதிர்பார்க்கவே கூடாது. நிரல் மாறவில்லை, எத்தனை பேரில் எத்தனை பேர் குற்றவாளிகள் என்ற விகிதம் மாறிவிட்டது.

பதிவு, சேமிப்பு, கடவுச்சொல்

நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் தொடர்ந்து பதிவு செய்யும் ஒரு கேமரா, நாளுக்கு 43 ஜிபி இடம் கேட்கும். 30 நாட்களுக்கு ஏறத்தாழ 1.3 டிபி. பத்துக் கேமராக்கள் என்றால் 13 டிபி. அசைவு வந்தால் மட்டும் பதிவு செய்யும் ஏற்பாடு இதனால்தான் பிரபலம். அதன் விலை என்ன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: அசைவறிதல் தவறவிட்டதைப் பிறகு எவராலும் மீட்க முடியாது, ஏனெனில் பதிவே இல்லை. குறைந்த தரத்தில் எப்போதும் பதிவு, அசைவின்போது மட்டும் உயர்தரப் பதிவு என்ற நடுவழி பெரும்பாலும் நல்லது.

காவலுக்கு வைத்த கருவியே களவு போவதும் நடக்கிறது. 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர் எனும் காணொளிப் பதிவுக் கருவிகளையும் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டே இணைய முகவரிச் சேவை ஒன்றின் மீது தாக்குதல் நடந்தது. பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின.

முகம் என்ற எல்லைக்கோடு

‘யாரோ ஒரு மனிதர் இருக்கிறார்’ என்பதும் ‘இவர் இன்னார்’ என்பதும் தொழில்நுட்பத்தில் அடுத்தடுத்த படிகள்தான். வாழ்க்கையில் அவற்றுக்கு இடையே பெரும் பள்ளம் இருக்கிறது. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, பல முக அடையாள நிரல்களில் ஆப்பிரிக்க, ஆசிய முகங்களுக்குத் தவறான பொருத்தம் வெள்ளையர் முகங்களைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வரை அதிகம் என்று காட்டியது. மேலே போட்ட கணக்கில் வரும் 500 பொய் எச்சரிக்கைகள் எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை என்பதே இதன் பொருள். ஒரே வகை மக்களே திரும்பத் திரும்ப நிறுத்தப்பட்டால் அது வெறும் புள்ளிவிவரப் பிழையல்ல, அநீதி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பொது இடங்களில் காவல் பணிக்காக உடனுக்குடன் முகத்தை அடையாளம் காண்பதை, குறிப்பிட்ட விதிவிலக்குகளைத் தவிர, அது தடைசெய்கிறது. அந்தத் தடை 2025 பிப்ரவரி 2 முதல் பொருந்துகிறது. யோலோவை உருவாக்கிய ரெட்மனே, ராணுவப் பயன்பாடும் தனியுரிமைக் கவலையும் மனதை உறுத்துவதாகச் சொல்லி, 2020-இல் இந்த ஆராய்ச்சியைக் கைவிட்டார்.

வாங்கும் முன், மாட்டிய பின்

1. எந்தப் படியின் வேலை தேவை என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ‘இரவில் இந்தக் கதவை யாராவது நெருங்கினால் தெரிய வேண்டும்’ என்பது தீர்க்கக்கூடிய தேவை. ‘சந்தேகமானவர்கள் வந்தால் தெரிய வேண்டும்’ என்பது அப்படியல்ல.
2. பகுதி வரையும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். சாலை, மரம், வானம் ஆகியவற்றைக் கணக்கிலிருந்து நீக்கினாலே பொய் எச்சரிக்கை பெருமளவு குறையும். அடுத்த வீட்டாரின் சன்னலும் வாசலும் காட்சியில் விழுந்தால் அவற்றை மறைத்துவிடுங்கள். அது அவர்களுடைய உரிமை.
3. விற்பவரிடம் இரண்டு எண்களையும் சேர்த்தே கேளுங்கள்: எத்தனை உண்மைகளைத் தவறவிடும், ஒரு கேமராவுக்கு ஒரு நாளில் எத்தனை பொய் எச்சரிக்கை எழுப்பும். ‘துல்லியம்’ என்ற ஒற்றை எண்ணை ஏற்காதீர்கள்.
4. எச்சரிக்கை வந்ததும் யார் பார்ப்பார், எவ்வளவு நேரத்தில், அடுத்து என்ன செய்வார் என்பதைப் பெயரோடு தீர்மானித்துவிடுங்கள்.
5. மாட்டிய அன்றிரவே விளக்குகளை அணைத்துவிட்டு, ஒருவரைக் கறுப்புச் சட்டையில் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். குறுக்கே ஒரு முறை, கேமராவை நோக்கி நேராக ஒரு முறை, சுவரை ஒட்டிக் குனிந்து ஒரு முறை. எந்த நடையில் எச்சரிக்கை வரவில்லையோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கோணத்தையோ விளக்கையோ மாற்றி, மறுபடியும் நடக்கச் சொல்லுங்கள். மழைக்காலம் தொடங்கியதும், செடிகள் வளர்ந்ததும் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.